முப்பது எண்ணும் வரை

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிய கை. அதனால் அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் நலம். அங்கே நீயும் உன் எலிகளும் எப்படி?

விஷயம் பெருவிரலில் தொடங்கியது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தின் இரும்பு அலமாரி. சாவி நான் வெட்டியதுதான். பூட்டுக்குள் ஒழுங்காகப் போனது. திரும்பவில்லை. பூட்டில் கோளாறு என்று பிரித்தேன். எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங் மாற்றினேன். முக்கால் மணி நேரம். கடைசியில் கிளார்க் அம்மா எழுந்து வந்தார். "நகருங்க, நான் பாக்கிறேன்." ஒரே திருப்பு. திறந்துகொண்டது. "என்ன பூட்டுக்காரரே, காலையில சாப்பிடலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருபது வருஷமாகப் பூட்டைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன். கையை அல்ல.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு மேடு இருக்குமே, அது வற்றிக் குழியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தசைக்குள் ஊசி செருகிப் பார்த்தார்கள். இயக்க நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெயரை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். போன வருஷம் நீ வந்தபோது, உன் எலிகளுக்கு என்ன நோய் என்று கேட்டேன். நீ சொன்னாய்.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் நாற்காலியின் திருகாணிகளை எண்ணினேன். ஆறு. ஒன்று தளர்ந்திருந்தது.

போனில் சொல்லவில்லை. போனில் நீ பேசாமல் இருந்துவிடுவாய். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. எழுது.

தம்பி


ஜனவரி 17

தம்பி,

உடம்பு நலம். அதற்கு மேல் கேட்காதே.

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். கையுறையைக் கழற்றாமல். படித்து முடித்துப் பதினான்காம் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றினேன். பதினைந்துக்கும் மாற்றினேன். பதினாறுக்கும். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும் அந்தப் பெயரை நான்தான் எழுதுகிறேன். ஆறு வருடமாக. என் கையெழுத்து அழகு என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். இன்று எழுத முடியவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தேன். "கைவலியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. இங்கே ஒரு மருந்தைச் சோதிக்கிறோம். புதிதல்ல. பழைய ஆன்டிபயாடிக்; முகப்பருவுக்குத் தோல் டாக்டர்கள் தருவது. அது கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. நரம்புகளுக்கு இடையே காவல் செல்கள் என்று உண்டு. இந்த நோயில் அவற்றுக்கு வெறி பிடிக்கிறது. வேலியே பயிரை மேய்வது மாதிரி, காக்க வேண்டிய நரம்பையே தின்கின்றன. அந்த வெறியை இந்த மருந்து தணிக்கிறது என்று ஒரு கணிப்பு. நோய் மரபணுவோடு பிறந்த சுண்டெலிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். போன மாதம் முதல் தொகுதி முடிவை எட்டத் தொடங்கியது. இன்னும் நிறைய இருக்கின்றன.

குழியான இடத்தை வெந்நீரில் வைக்கிறாயா? பயன் இல்லை. இருந்தாலும் வை.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். ஒருவர் கொஞ்சம் குறைவான நலம்.

பரு மாத்திரை என்று படித்ததும் இவள் சிரித்துவிட்டாள். "இருபது வயசுல மூஞ்சி பூரா பரு, அப்ப வாங்கித் திங்கல. இப்பத் திங்கப்போறீங்களா?" பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவவில்லை. எனக்குச் சத்தம் தெரியாதா?

கடையில் சமாளிக்கிறேன். அரத்தை இடதுகையில் பிடிக்கப் பழகுகிறேன். வெட்டிய சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "நீங்களே திருப்பிப் பாருங்க, கைராசி பாக்கலாம்" என்கிறேன். அவர்களுக்கு அதில் ஒரு பெருமை. இப்படியே ஓட்டலாம்.

ஒரு சந்தேகம். எலிக்கு நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? அது வாய்விட்டுச் சொல்லாதே. நீ என்ன செய்கிறாய் என்று முழுதாக எழுது. தெரிந்துகொண்டால் இந்த இடது கையோடு உட்கார்ந்திருக்கும்போது எதையாவது நினைத்துக்கொள்ளலாம்.

தம்பி


மே 23

தம்பி,

மூன்று மாதம் எழுதவில்லை. கோபமா? எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டது இதுதான். கடைசிக் கட்டத்தில் எலியை மேசைமேல் ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். அது தானாகப் புரண்டு நிமிர வேண்டும். முப்பது விநாடி அவகாசம். முப்பதுக்குள் நிமிராவிட்டால் அன்றைய தேதியை அதன் கடைசி நாள் என்று எழுதுவோம். பிறகு வலியில்லாமல் முடித்துவிடுவோம். நிமிர்ந்துவிட்டால் மறுநாள் மீண்டும்.

எண்ணுவது நான். ஒரு கையில் எலி, இன்னொரு கையில் பேனா. கடிகாரம் முதுகுக்குப் பின்னால் சுவரில். அதனால் வாய்விட்டு எண்ணுவேன். என் முப்பதும் கடிகாரத்தின் முப்பதும் ஒன்று என்று கூடத்தில் சொல்வார்கள். எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் சாயும். பாட்டில்களுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருக்கிறோம்.

நேற்று பட்டியலைத் திறந்தார்கள்.

மருந்து குடித்தவை பதினொரு நாள் அதிகம் வாழ்ந்திருக்கின்றன.

எங்கள் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கால் இல்லாதது போல் இருந்தது. பதினொரு நாள் மனிதனுக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லக்கூடாது. நான் பெருக்கிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏற்கெனவே சில இடங்களில் இதே போன்ற முடிவு வந்திருப்பதால், மனிதர்களிடம் சோதிக்க எல்லாம் தயாராக இருந்தது. எங்கள் எண்ணுக்காகத்தான் காத்திருந்தார்கள். உன் ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆள் சேர்க்கப்போகிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் மாவு மாத்திரை. சேர்ந்துவிடு. கூடத்து ஆளாக இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அக்காவாகச் சொல்கிறேன்.

அவளைக் கேட்டதாகச் சொல். குழாயை மூடச் சொல்.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

எல்லோருக்கும் சுகம். உன் கால் திரும்பி வந்ததா?

சேர்ந்துவிட்டேன். பதினாறு பக்கப் படிவம். கையெழுத்துப் போடும் இடம் ஒன்பது. ஏழாவது கையெழுத்தில் என் பெயர் பாதியிலேயே நின்றுவிட்டது. நர்ஸ், "பரவாயில்ல சார், கோடு போட்டாலும் ஒத்துக்குவாங்க" என்றாள்.

காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. ஒரே நிறம், ஒரே கனம். மருந்தா மாவா என்று டாக்டரைக் கேட்டேன். "எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சவர் வேற ஊர்ல இருக்கார். பட்டியல் அவர் பீரோவுல." அந்தப் பீரோ என்ன பூட்டு என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.

இவள் ஒரு மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்கிறாள். கூடாது என்றேன். ஊரார் பூட்டையெல்லாம் திறந்த எனக்கு இது ஒரு பூட்டா? ஆனால் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் தந்திருக்கிறார்கள். திறந்தால் அவர்கள் கணக்குக் கெடும். உன் கறுப்புக் காகிதம் மாதிரி.

பேனாவை இப்போது சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகியிருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் காரணம் அதுதான்.

தம்பி


செப்டம்பர் 30

தம்பி,

நான் சௌக்கியம். உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கோழி கிளறல்கூட இல்லை.

படியேறுகிறாயா? தம்ளரைப் பிடிக்க முடிகிறதா? சாப்பிடும்போது புரையேறுகிறதா? ஒன்றுக்காவது பதில் எழுது.

இன்னொன்று. கேட்கக் கூடாதது. வெயிலில் நின்றால் கை சிவக்கிறதா? அந்த மருந்து சிலருக்குத் தோலை அப்படிச் செய்யும். மாவு செய்யாது.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாதே. எழுதியிருக்கவே கூடாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று இருமுறை எடுத்தேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

அக்கா


டிசம்பர் 4

அக்காவுக்கு,

நான் சொல்ல, இவள் எழுதுகிறாள். அதனால் இந்த முறை எழுத்து நன்றாக இருக்கும். நலமாக இருக்கிறேன்.

(அண்ணி, வணக்கம். அடைப்புக்குள் இருப்பது நான் எழுதுவது. அவர் சொல்லவில்லை.)

கை கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது. மற்றபடி பழுதில்லை. கடைக்கு அவ்வப்போது போகிறேன்.

(கடை மூடி ஏழு வாரம் ஆகிறது. சாவி வெட்டும் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருக்கிறோம். அதை நான்தான் போர்த்தினேன்.)

ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை கையை அழுத்தச் சொல்கிறார்கள். மூச்சை அளக்க ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். நன்றாக ஊதினேன்.

(ஊதியதைப் பார்த்து டாக்டர் மறுபடி ஊதச் சொன்னார். பிறகு எழுதிக்கொண்டார்.)

("என்ன, நான் ஒரு வரி சொன்னா நீ மூணு வரி எழுதுற?" என்று கேட்கிறார். முற்றுப்புள்ளி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

நீ கேட்ட கேள்விகளில் படி, தம்ளர் எல்லாவற்றுக்கும் பதில்: ஆமாம், முடிகிறது. கேட்கக் கூடாத கேள்விக்குப் பதில் இல்லை.

(ஆகஸ்டிலிருந்து முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். வாசலில் அரைமணி உட்கார்ந்தால் முழங்கை வரை சிவந்து கொப்புளிக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை.)

தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கும், அடைப்புக்குள் இருப்பவளுக்கும்,

நலம். இன்று உண்மையாகவே நலம்.

எனக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் எழுத வேண்டும், எழுதுகிறேன். ஆனால் இன்று காலை கூடத்துக்கு நடந்தே வந்தேன், நாலு பஸ் நிறுத்தம். பக்கத்து மேசைப் பெண் என்ன விசேஷம் என்று கேட்டாள். என் தம்பி முழுக்கைச் சட்டை போடுகிறான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மருந்து வேலை செய்ய நாள் பிடிக்கும். எலிக்கும் அப்படித்தான், தொடக்கத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கை போவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மருந்து இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் விரைவாகப் போயிருக்கும். ஒரு வேளைகூடத் தவறவிடாதே.

அக்கா


பிப்ரவரி 19

தம்பி,

மாத்திரையை நிறுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வருவதற்குள் இது கிடைத்தால், இன்றே.

நடுவில் ஒருமுறை எண்களைத் திறந்து பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டார்கள். மருந்து எடுத்தவர்கள்தான் விரைவாகத் தளர்ந்திருக்கிறார்கள். மாவு தின்றவர்கள் அல்ல.

திரும்பப் படித்தேன். மருந்து எடுத்தவர்கள். ஆமாம்.

தலைவர், "எலி வேற, மனுஷன் வேற. இது நடக்கிறதுதான்" என்றார். எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நானும் போனேன். குடித்தேனா என்று நினைவில்லை.

போன கடிதத்தில் ஒரு வேளைகூடத் தவறவிடாதே என்று எழுதியிருந்தேன்.

அக்கா


மார்ச் 8

தம்பி,

பதில் இல்லை. வேண்டாம். இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

மேசைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. விதிக்காக வைத்தது. அதன் பதிவுகளை யாரும் பார்ப்பதில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் எலி. என் குரல். ஒன்று, இரண்டு, மூன்று. என் முப்பது, கடிகாரத்தில் இருபத்தொன்பது. அடுத்தது முப்பது. அடுத்தது முப்பது.

நான்காவது எலியின் மோவாயில் மஞ்சள்.

அந்த மருந்து தண்ணீரை மஞ்சளாக்கும். அதற்காகத்தான் பாட்டிலை மறைத்தோம். எலியை மறைக்கவில்லை. குடிக்கும்போது மோவாய் முடியில் சாயம் ஒட்டிக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் அது நேராக என் கண்முன் இருக்கும். முதல் வாரமே பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அந்த எலிக்கு என் முப்பது, நாற்பத்து மூன்று விநாடி.

இருபது வரை ஒழுங்காக எண்ணுகிறேன். அதற்கு மேல் குரல் இழுக்கிறது. இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறேன். எலி புரள்கிறது. பதிவில் ஒரு பெண் சிரிக்கிறாள். அது நான்.

மறுநாள் அதே எலி. அதே இழுப்பு. அதற்கு மறுநாளும்.

எல்லாவற்றையும் திரும்ப எண்ணினேன். ஒன்பது நாள் உட்கார்ந்து. பதினொன்று இரண்டாகிறது. இரண்டு நாள் என்றால் எங்கள் கணக்கில் ஒன்றுமில்லை என்று பொருள்.

இதையும் பார்த்தேன். உன் கடிதத்தைப் படித்த ஜனவரி 17-க்கு முன்னால் எண்ணியதில் மஞ்சள் மோவாய்க்கும் முப்பது முப்பதாகவே இருக்கிறது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. உண்மையா என்றும் தெரியவில்லை.

எலி வேறு மனுஷன் வேறு என்று கோப்பை மூடப்போகிறார்கள். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆறு வருடமும் போகும். அதற்காகப் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். சொல்லவா, தம்பி? நீ சொல். உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது?

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

(அண்ணி, இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை எறிந்தேன். இரண்டாம் நாள் அவர், "எடுத்துட்டு வா" என்றார். அவர் பேச்சு இப்போது எனக்கு மட்டும்தான் புரியும். ஒரு சொல்லை மூன்று முறை கேட்டு எழுதுகிறேன்.)

எனக்குத் தெரியும், அக்கா. ஆகஸ்டில் கை சிவந்தபோதே, படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. மருந்து எனக்குத்தான் என்று தெரிந்தது. அக்டோபரில் கை போகிற வேகமும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு சேர்ந்தவர் ஒருவர், பஸ் ஓட்டியவர், அரைக்கைச் சட்டையோடு இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்?

("அப்பவே நிறுத்தியிருக்கலாமே" என்று இப்போது கத்தினேன். எழுது என்கிறார்.)

நிறுத்தவில்லை. நான் நிறுத்தி, என்னைப் போல் நாலு பேர் நிறுத்தினால், கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகும். இன்னும் இரண்டு வருஷம் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம், உனக்கும் சொல்ல மனமில்லை. முழுக்கைச் சட்டை என்று கேட்டு நாலு நிறுத்தம் நடந்தவளிடம் எப்படிச் சொல்வது?

நீ கேட்டதற்கு வருகிறேன். கள்ளச்சாவி கேட்டு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழுதவர்களையும். உனக்கும் வெட்டித் தர மாட்டேன். போய்ச் சொல். பதிவையும் ஸ்டாப்வாட்சையும் எடுத்துக்கொண்டு போ. நாளைக்கு இதே மாத்திரையை வேறொரு நரம்பு நோய்க்கு என்று வேறொருவனிடம் நீட்டுவார்கள், உன் பதினொரு நாளைக் காட்டி. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. இருந்தது. பிறகு நேற்று இது நடந்தது.

காலையில் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தேன். இவள் தூக்க வந்தாள். "இரு, நானே பொரள்றேன். நீ எண்ணு. முப்பது" என்றேன். "என்ன வெளையாட்டு இது?" என்றாள். எண்ணு என்றேன். எண்ணினாள். தோள் மட்டும்தான் சொன்னபடி கேட்டது. இடுப்பு வரவில்லை. பதினைந்து. இருபது. கட்டில் விளிம்பைப் பல்லால் பிடிக்கலாமா என்று பார்த்தேன். இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அதற்கப்புறம் அவள் குரல் வந்துகொண்டே இருந்தது, எண் வரவில்லை. இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு சாவி வெட்டி முடித்திருக்கலாம்.

இருபத்தொன்பதில் புரண்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

தம்பி

(அண்ணி, நான் சரியாகத்தான் எண்ணினேன்.)